பதினோரு மணி போன்

அண்ணன் விழுந்துவிட்டான் என்ற செய்தி வந்தபோது அண்ணியின் போன் என் கையில் இருந்தது. காலையிலேயே அவளிடமிருந்து அதை வாங்கி வைத்துக்கொண்டவள் நான். "இன்னைக்கு ஒரு நாள் அவனைக் கூப்பிடாம இருங்க அண்ணி, வானம் இடிஞ்சு விழுதான்னு பார்த்துடலாம்" என்று வாய் கிழியப் பேசியவளும் நான்தான். வானம் அதன் இடத்திலேயே இருந்தது. அண்ணன்தான் விழுந்தான்.

மேஸ்திரி பேசினார். "பதறாதீங்கம்மா" என்று ஆரம்பித்தார். அப்படி ஆரம்பித்து யாரும் நல்ல செய்தி சொல்லி நான் கேட்டதில்லை. கயிற்றில் தொங்கும் பலகையிலிருந்து சறுக்கிவிட்டான், இரண்டாவது கயிறு பிடித்துக்கொண்டது, ஆடிப்போய்ச் சுவரில் மோதியதில் கை உடைந்திருக்கிறது, உயிருக்கு ஒன்றுமில்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம் என்றார். 

அண்ணி தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஒரு துணிக்கடைக்குக் கால்சட்டைகளின் நீளத்தைக் குறைத்துக் கொடுப்பது அவள் வேலை. உதட்டில் குண்டூசிகளைக் கவ்வியபடி என் முகத்தைப் பார்த்தாள்.  அவள் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஊசி செருகி வைக்கும் பஞ்சுத் திண்டில் குத்தினாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மணி பதினொண்ணு தாண்டிடுச்சா?"

கையிலிருந்த போனை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

அந்தக் கேள்வி ஏன் என்னை அப்படி உலுக்கியது என்று சொல்ல வேண்டுமானால் பதினோரு மணி போனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அண்ணன் உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைப்பவன். கூட வேலை செய்பவர்கள் அவனைப் பல்லி என்று கூப்பிடுவார்கள். சின்ன வயதில் அலமாரி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்று அழிச்சாட்டியம் செய்தவன், அதையே தொழிலாக்கிக்கொண்டான். கல்யாணமான புதிதில் அண்ணி ஆசையாகத் தினமும் பதினோரு மணிக்கு அவனைக் கூப்பிடுவாள். சாப்பிட்டீங்களா, எப்ப வருவீங்க, இவ்வளவுதான். புதுசுக்கு எல்லாரும் செய்வதுதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

ஒரு நாள் அவளும் நானும் காலைக் காட்சி சினிமாவுக்குப் போனோம். போனை அணைத்து வைத்திருந்தாள். அன்றைக்கென்று பார்த்து அண்ணனின் கயிறு ஒரு விளிம்பில் சிக்கிக்கொண்டது. மேலேயும் போக முடியாமல் கீழேயும் வர முடியாமல் பாதிக் கட்டடத்தில் தொங்கினான். தீயணைப்புக்காரர்கள் வந்து இறக்கினார்கள். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. வீட்டுக்கு வந்து வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினான். தூங்காதவள் அண்ணிதான்.

அன்றிலிருந்து அந்த போன் ஆசைக்காகப் பண்ணுவது இல்லை. அவனை அந்தரத்தில் பிடித்துவைத்திருப்பதே அதுதான் என்று அவளுக்குள் ஏறிவிட்டது. கூப்பிட்டால் பத்திரம், கூப்பிடாவிட்டால் விழுவான்.

நான் சும்மா இருப்பேனா? அவளோடு மல்லுக்கு நின்றேன்.

"நீங்க கூப்பிட்ட அன்னைக்குத்தானே அவன் கால் சுளுக்கிட்டு வந்தான்?"

"கூப்பிட்டதாலதான் சுளுக்கோட போச்சு."

"ஞாயித்துக்கிழமை கூப்பிடறதில்லையே?"

"ஞாயித்துக்கிழமை அவரு கண்ணு முன்னாடியே இருக்காரே."

"சினிமாவுக்கு நானும்தானே வந்தேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"நீ யாரைக் கூப்பிடாம விட்டே?"

எந்தப் பக்கம் போனாலும் கதவைச் சாத்திவிடுவாள். நான் பல் செட் செய்கிற கூடத்தில் வேலை பார்க்கிறவள். மெழுகில் அச்சு சரியாக விழவில்லை என்றால் உருக்கிவிட்டுத் திரும்ப எடுப்போம். அண்ணியின் மனதில் விழுந்த அச்சை என்னால் உருக்க முடியவில்லை.

நாளாக ஆக அது முற்றியது. லைன் பிஸியாக இருந்தால் மிஷினை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். அவன் எடுத்து "ம், நல்லா இருக்கேன்" என்று சொன்ன பிறகுதான் மூச்சே வரும். ஒரு நாள் சிக்னல் கிடைக்கவில்லை. ஒரு காலில் மட்டும் செருப்போடு தெருவில் ஓடினாள். அவன் வேலை செய்த கட்டடம் வரை ஓடி, கீழே நின்று அண்ணாந்து பார்த்து அவன் பெயரைச் சொல்லிக் கத்தியிருக்கிறாள். அன்று இரவு அண்ணனே சொன்னான், "இதுக்கு மேல நம்மால முடியாது, விவரம் தெரிஞ்சவங்ககிட்ட போவோம்" என்று.

மனநல ஆலோசகர் பெரிய கண்ணாடி போட்ட ஒரு பெண். அண்ணி சொன்னதைச் சிரிக்காமல் கேட்டார். அதற்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. நானாக இருந்தால் சிரித்திருப்பேன்.

"கூப்பிடலைன்னா விழுவாருன்னு எவ்வளவு உறுதியா நம்புறீங்க?"

"நூத்துக்கு நூறு."

"இது நெசமான்னு எப்பவாவது சோதிச்சுப் பார்த்திருக்கீங்களா?"

"அவரு உயிரை வெச்சா சோதிப்பாங்க?"

அவர் அவசரப்படவில்லை. சில வாரங்கள் போய் வந்தோம். கடைசியில் ஒரு நாள் மட்டும் கூப்பிடாமல் இருந்து பார்க்க அண்ணியே ஒப்புக்கொண்டாள். வீட்டுக்காரரிடம் முன்னாலேயே சொல்லிவிட்டுச் செய்யுங்கள் என்று ஆலோசகர் தெளிவாகச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அண்ணி மாட்டேன் என்றுவிட்டாள்.

"சொன்னா அவரு அன்னைக்கு ரெண்டு மடங்கு ஜாக்கிரதையா இருப்பாரு. அதனாலதான் தப்பிச்சாருன்னு என் மனசு சொல்லும். அப்புறம் நான் எப்படி நம்புறது?"

அட, சரியாகத்தானே சொல்கிறாள் என்று எனக்கும் பட்டது. விஞ்ஞானிகள் தோற்றார்கள் என்று அவள் முதுகில் தட்டிக்கொடுத்தேன். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டோம். மறுநாள் அவன் விழுந்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அண்ணி வாயே திறக்கவில்லை. "நான் சொன்னேன்ல" என்று ஒரு வார்த்தை சொல்லித் திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நான்தான் உள்ளுக்குள் பிதற்றிக்கொண்டிருந்தேன். இத்தனை நாள் அவளைப் பைத்தியம் என்று நினைத்தேனே, உண்மை அவள் பக்கம்தானோ? ஒரு போன் பண்ணியிருந்தால் அவன் கை முழுசாக இருந்திருக்குமோ? எனக்கே இப்படித் தோன்றிவிட்டது என்பதை நினைத்து எனக்கே தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு சுலபமா இது உள்ளே நுழைவது?

கட்டிலில் அண்ணன் படுத்திருந்தான். வலது கையில் மாவுக்கட்டு. நெஞ்சைச் சுற்றிப் பட்டை. உதடு வீங்கியிருந்தது. வாசலில் எங்களைப் பார்த்ததும் தலையைத் தூக்கப் பார்த்தான், முடியவில்லை. படுத்தபடியே அண்ணியைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தான்.

"உனக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றான்.

அண்ணி பேயறைந்தவள் மாதிரி நின்றாள். தலையில் அடிபட்டு உளறுகிறான் என்றுதான் நான் நினைத்தேன்.

"எனக்கென்ன? நான் வீட்லதானே இருந்தேன்."

"நல்லாத்தானே இருக்கே? நெசமாச் சொல்லு. பதினொண்ணு ஆச்சு. போன் வரல. பதினொண்ணே கால் ஆச்சு. அப்பவும் வரல. அந்த சினிமாவுக்கு அப்புறம் நீ ஒரு நாளும் தவறினதில்ல. கரண்ட் ஷாக் அடிச்சுதோ, மிஷின்கிட்ட மயங்கி விழுந்து கிடக்கியோன்னு எனக்குத் தலையே சுத்திருச்சு. சரி, நாமளே கூப்பிடுவோம்னு போனை எடுத்தேன். கை ஈரம். வழுக்கிட்டுப் போச்சு. அதைப் பிடிக்கப் பாய்ஞ்சேன்."

சொல்லிவிட்டு, ஏதோ பாத்திரத்தைக் கீழே போட்டு உடைத்தவன் மாதிரி அசட்டுச் சிரிப்பு சிரித்தான்.

 ஒரு வீட்டில் ஒருத்திக்குத்தான் அந்த நோய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் போன் பண்ணாவிட்டால் அவன் விழுவான் என்று அவள் நம்பினாள். போன் வராவிட்டால் அவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவன் நம்பினான். அவளுடையது எங்கள் எல்லாருக்கும் தெரியும்; அவன் தன்னுடையதை யாரிடமும் சொல்லாமல் வருடக்கணக்கில் வளர்த்திருக்கிறான்.

ஆனால் அண்ணி வேறொன்றில் நின்றுவிட்டாள்.

"போனை எடுத்தேன்னா? எங்க இருந்து எடுத்தீங்க? பதினொண்ணுக்கு மாடியில டீ குடிச்சிட்டு இருப்பீங்கன்னுல்ல சொல்லியிருக்கீங்க?"

அண்ணன் கூரையைப் பார்த்தான். பக்கத்து நாற்காலியில் அவன் கூட்டாளி மொட்டை உட்கார்ந்திருந்தான். இருவரும் ஒரே மாடியிலிருந்து பக்கத்துப் பக்கத்துக் கயிற்றில் இறங்குகிறவர்கள். மொட்டைக்கு வாயில் எதுவும் நிற்காது.

"டீயா? பதினொண்ணுக்கா? அண்ணி, வெயில் அந்தப் பக்கம் திரும்புறதுக்குள்ள துடைச்சு முடிக்கணும். தண்ணி காஞ்சுதுன்னா கண்ணாடியில கறை நின்னுரும். அந்த நேரத்துல எவனும் மேல வரமாட்டான். அவன் தொங்கிக்கிட்டேதான் பேசுவான்."

"டேய்" என்றான் அண்ணன்.

"இனிமே என்னடா டேய்? எல்லார் போனையும் மேஸ்திரி மாடியிலயே பெட்டியில போட்டுப் பூட்டிருவாரு அண்ணி. இவன் மட்டும் பழைய போன் ஒண்ணைப் பெட்டியில போட்டுட்டு, இதைப் பிளாஸ்டிக் பையில சுத்தி நெஞ்சுக்குள்ள ஒளிச்சு வெச்சிருப்பான். கண்ணாடியில ஒட்டுற ரப்பர் பிடி இருக்கும் பாருங்க, காத்துல ஆடாம இருக்க இடது கையால அதைப் பிடிச்சுக்கணும். போன் அடிச்சதும் அதை விட்டுருவான். கையுறையைப் பல்லால கடிச்சு இழுப்பான். காத்து அடிக்கிற அன்னைக்கும் இதே கதைதான். எத்தனையோ தடவை சொல்லிட்டேன், எடுக்காதடான்னு. எடுக்கலைன்னா அவ உயிரை விட்டுருவாடான்னு சொல்லுவான்."

மொட்டை எழுந்து நின்று செய்தே காட்டினான். இடது கையை விட்டான். அதே கை விரலை வாயில் வைத்துக் கடித்து இழுத்தான். நெஞ்சுக்குள் கைவிட்டான். "ம், நல்லா இருக்கேன்" என்று அண்ணன் குரலிலேயே சொன்னான்.

அந்தக் குரலைத்தான் நாங்கள் தினமும் ஸ்பீக்கரில் கேட்போம். அதைக் கேட்டுத்தான் அண்ணிக்கு மூச்சு வரும். அந்த நேரத்தில் அவன் ஒன்றையும் பிடித்துக்கொள்ளாமல் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்திருக்கிறான். "நல்லா இருக்கேன்" என்று அவளுக்குச் சொல்வதற்காகவே.

அண்ணி சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தினமும் நான்தானா அவரு கையை எடுக்க வெச்சேன்?" என்றாள்.

 மொட்டைக்கே வாய் மூடிக்கொண்டது.

இத்தோடு அவள் தெளிந்துவிடுவாள் என்று நான் கணக்குப் போட்டேன். அதுதான் இல்லை. மூட்டையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள், அவ்வளவுதான். நேற்று வரை அவனைக் காப்பாற்றியவள் அவள். இன்றிலிருந்து அவனைக் கொல்லப் பார்த்தவள் அவள். அண்ணன் வீட்டுக்கு வந்து படுத்திருந்த நாட்களில் எது நடந்தாலும் "என்னாலதான்" என்றாள். அவனுக்கு ஜுரம் வந்தால் என்னால்தான். மிஷின் ஊசி முறிந்தால் என்னால்தான். காயப்போட்ட துணி நனைந்தபோதும் அதையே சொன்னாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"மழை பெய்ஞ்சதுக்குமா அண்ணி? உங்களுக்கு அவ்வளவு செல்வாக்கா?"

அவள் நனைந்த துணியைப் பிழிந்து பிழிந்து அதிலிருந்த கடைசிச் சொட்டையும் எடுத்துவிட்டாள். போனைத் தொடவே மாட்டேன் என்று மிஷினை ஒட்டிய அலமாரிக்குள் கவிழ்த்து வைத்திருந்தாள். கடைக்காரர் கூப்பிட்டால்கூட நான்தான் எடுத்துப் பேசுவேன்.

கட்டுப் பிரித்தார்கள். கையில் பலம் வந்தது. அண்ணன் திரும்பக் கயிற்றில் ஏறப் போகிறேன் என்றான். வேறு வேலை அவனுக்குத் தெரியாது. தெரிந்தாலும் செய்ய மாட்டான். அண்ணி சாப்பிடுவதை நிறுத்தினாள். நிலைமை இதுதான்: அவள் கூப்பிட்டால் அவன் உயிருக்கு ஆபத்து, கூப்பிடாமல் இருந்தால் அவள் உயிர் வீட்டிலேயே போய்விடும். இரண்டில் ஒன்று நடந்தே தீரும் என்று நான் நிஜமாகவே பயந்தேன்.

அவனுக்குத் தெரியாமல் அவள் மேஸ்திரியைப் பார்க்கப் போனாள். துணைக்கு என்னை இழுத்துக்கொண்டாள். கட்டடத்தின் கீழே நின்றிருந்த அவரிடம் நேராகவே கேட்டுவிட்டாள்.

"அவருக்குக் கீழே ஏதாவது வேலை குடுங்க அண்ணே. வாளி கழுவுற வேலையா இருந்தாலும் பரவாயில்ல. மேல அனுப்பாதீங்க."

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "பல்லியைக் கீழே நிக்க வெச்சா நல்லாவா இருக்கும்? நீங்க மேல வந்து பார்த்திருக்கீங்களா தங்கச்சி?"

அவள் பார்த்ததில்லை. இத்தனை வருடம் தினமும் மனதுக்குள் அவனை அங்கே விழவைத்துக்கொண்டிருந்தவள், அந்த இடத்தை ஒரு தடவைகூட மேலே ஏறிப் பார்த்ததில்லை. இது எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

லிஃப்டில் போய், அதற்கு மேல் ஓர் இரும்பு ஏணியில் ஏறினோம். மொட்டைமாடியில் காற்று ஆளைத் தள்ளியது. அண்ணி கைப்பிடிச் சுவர் பக்கமே போகவில்லை. மேஸ்திரி தரையில் பதித்திருந்த ஒரு தடித்த வளையத்தைக் காலால் தட்டிக் காட்டினார்.

"இது கான்கிரீட்டுக்குள்ள ஆழமாப் போகுது. இதுல முதல் கயிறு. அதோ அந்த வளையம் தனி. அதுல ரெண்டாவது கயிறு. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு பிடிக்கும். அன்னைக்குப் பிடிச்சது அதுதான். அவன் கொக்கியை அவன் மாட்டுவான். மொட்டை இழுத்துப் பார்ப்பான். அப்புறம் நான் இழுத்துப் பார்ப்பேன். மூணு பேரும் சரின்னு சொன்னாத்தான் கால் வெளியே போகும். இந்தாங்க, நீங்களும் இழுங்க."

அண்ணி இழுத்தாள். அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, உடம்பு முழுதையும் பின்னால் சாய்த்து, பல்லைக் கடித்து இழுத்தாள். எத்தனையோ வருட ஆத்திரத்தையெல்லாம் அந்தக் கயிற்றில் காட்டினாள் என்று தோன்றியது. கயிறு அது பாட்டுக்கு இருந்தது. அவளுக்கு மூச்சு வாங்கியது. வளையத்திலிருந்து கயிறு வரை, கயிற்றிலிருந்து கொக்கி வரை விரலால் தடவிக்கொண்டே வந்தாள்.

"இதுல நான் எங்க இருக்கேன்?" என்று கேட்டாள்.

மேஸ்திரிக்குக் கேள்வி புரியவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு கயிற்றைப் பார்த்துவிட்டு வெகுளியாகச் சொன்னார்.

"நீங்க இதுல எங்கயுமே இல்லையேம்மா. நீங்க வீட்லல்ல இருக்கீங்க."

கன்னத்தில் அறை வாங்கியவள் மாதிரி அவள் முகம் ஆனது. மேஸ்திரி பயந்துபோய், "தப்பா ஏதும் சொல்லிட்டேனா?" என்றார். அண்ணி அந்த வளையத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவன் விழுந்த அன்றுகூட அழாத அழுகையை அழுதாள். நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.  கிண்டல் செய்ய எனக்கு ஒன்றுமே கிடைக்காதது அதுதான் முதல் தடவை.

பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் பக்கம் பார்த்தபடி பேசினாள்.

"இத்தனை வருஷமா நான் அங்க நின்னு அவரைப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன்னு நெனச்சேன்டி. அப்புறம் நான்தான் தள்ளிவிட்டேன்னு நெனச்சேன். ரெண்டுலயும் நான் இருந்தேன். இப்ப பார்த்தா அங்க நான் இல்லவே இல்ல. அதுதான் தாங்க முடியல."

"நிம்மதியா இல்லையா அண்ணி?"

"நிம்மதியாத்தான் இருக்கு. ஆனா யாரோ என்னை வேலையை விட்டு அனுப்பிட்ட மாதிரியும் இருக்கு."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். நாங்கள் இருவரும் அவ்வளவு கொஞ்சிக்கொள்கிறவர்கள் இல்லை. இறங்கும் வரை விடவில்லை.

அன்று சாயங்காலம் அவள் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கூப்பிடாமல் இருந்தது சோதனை என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "டீ குடிக்கிறேன்னு நானும்தான் பொய் சொன்னேன்" என்றான். அதற்கப்புறம் அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். உள்ளே என்ன பேசினார்கள் என்பதில் நான் மூக்கை நுழைக்கவில்லை. ஒட்டுக்கேட்டேன், ஒன்றும் கேட்கவில்லை.

ஆலோசகரிடம் இந்தத் தடவை இரண்டு பேரும் சேர்ந்தே போனார்கள். பயம் வரும்போது அதை விரட்ட ஓடாமல், அது தானாகத் தணியும் வரை உட்கார்ந்திருக்கப் பழக வேண்டும் என்று அவர் சொன்னாராம். அண்ணி வீட்டில் அதைப் பழகினாள். பாத்திரம் துலக்கும்போது திடீரென்று கை நிற்கும். முகம் வெளிறும். குழாயைக்கூட மூடாமல் அப்படியே நிற்பாள். பிறகு திரும்பத் துலக்குவாள்.

அவன் வேலைக்குத் திரும்பிய நாள் காலையில் என்னைத் தவிர வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனவன் திரும்பி வந்து, நெஞ்சுப் பையிலிருந்து போனை எடுத்து ஃப்ரிட்ஜின் மேல் வைத்தான். அன்று உயரத்திலிருந்து விழுந்த அதே போன்தான். கட்டட வாசலில் கட்டியிருந்த துணிப் பந்தலில் போய் விழுந்து பிழைத்துக்கொண்டது. அவனுக்கு எலும்பு முறிந்தது, அதற்குக் கண்ணாடியில் ஒரு கீறல்.

"சாயங்காலம் வந்து எடுத்துக்கறேன்" என்றான். அண்ணி தலையாட்டினாள்.

அவன் போனதும் அவள் மிஷினில் உட்கார்ந்தாள். நான் மதியம்தான் வேலைக்குக் கிளம்ப வேண்டும். காய்கறி நறுக்குகிற சாக்கில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கால்சட்டையை முடித்தாள். இன்னொன்றை எடுத்தாள். பதினோரு மணி நெருங்க நெருங்க மிஷினின் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. நெற்றியில் வேர்வை.  பேசினால் உளறிவிடுவேன் என்று பயம்.

திடீரென்று வீட்டுக்குள் போன் அடித்தது.

கத்தி என் கையிலிருந்து நழுவியது. அண்ணி துள்ளி எழுந்ததில் ஸ்டூல் கவிழ்ந்தது. ஃப்ரிட்ஜின் மேல் அண்ணனின் போன் அதிர்ந்து அதிர்ந்து ஓரத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தது. எனக்கு மேஸ்திரியின் குரல் காதில் கேட்டது. பதறாதீங்கம்மா. அண்ணியின் முகத்தில் ரத்தமே இல்லை.

"யாரு அண்ணி?" என்றேன். 

அவள் மெல்லத் தன் வலது கையைப் பார்த்தாள். அதில் அவள் போன் இருந்தது. திரையில் அவன் எண் ஓடிக்கொண்டிருந்தது. எப்போது அலமாரியைத் திறந்தாள், எப்போது அழுத்தினாள், அவளுக்கும் தெரியவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் தெரியவில்லை. அத்தனை வருடப் பழக்கத்தில் கை தன் பாட்டுக்கு அதன் வேலையைச் செய்துவிட்டது. அவள்தான் கூப்பிட்டாள், அவள் வீட்டுக்கேதான் அடித்தது.

உயிர் போய் உயிர் வந்தது. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டேன். அண்ணிக்கும் உதடு துடித்தது. சிரிக்கப் போகிறாளா அழப் போகிறாளா என்று தெரியாமல், விழப்போன போனைப் போய்ப் பிடித்தாள். பிடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன?" என்று நான் எட்டிப் பார்த்தேன்.

கீறல் விழுந்த கண்ணாடிக்குக் கீழே, கூப்பிடுகிறவர் பெயர் மின்னிக்கொண்டிருந்தது. அவள் பெயரை அவன் என்னவென்று பதிந்து வைத்திருக்கிறான் என்று இதுவரை அவள் பார்த்ததே இல்லை. மனைவி என்றும் இல்லை, அவள் பெயரும் இல்லை. கொக்கி என்று போட்டிருந்தான்.

அடப்பாவி மனுஷா என்று எனக்குத் தோன்றியது. அன்பில் வைத்த பெயர்தான், சந்தேகமே இல்லை. ஆனாலும் அதைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவனும்தான் அவளை அங்கே, அந்த உயரத்தில், கயிற்றோடு கயிறாக மாட்டி வைத்திருந்தான். அவளாகப் போய் நிற்கவில்லை.

அண்ணி தன் போனை நிறுத்தினாள். வீட்டில் சத்தம் அடங்கியது. ஜன்னலுக்கு வெளியே ஏதோ வண்டி போயிற்று. வேறு எந்தச் செய்தியும் வரவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். நெஞ்சு ஏறி இறங்குவது எனக்குத் தெரிந்தது. நான் நெருங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அது தணிந்தது, தானாகவே.

பிறகு அவன் போனை எடுத்து அந்தப் பெயரைத் திறந்தாள்.  ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். காலியான இடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அதில் வீடு என்று எழுதி, ஃப்ரிட்ஜின் மேல் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, கவிழ்ந்த ஸ்டூலை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.